விளக்குக்காரன் நிக்கிறானா?

இறக்கினேனா, இல்லையா? என் சம்சாரம் மங்கையை ஆபரேஷன் ரூமுக்குள்ளே கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்தியாச்சு. பச்சை உடுப்புப் போட்ட நர்ஸ் பொண்ணு, "நீங்க இங்கயே உக்காருங்க சார், முடிஞ்சதும் கூப்பிடுறோம்"னு சொல்லிட்டுப் போயிட்டா. நானும் நல்ல பிள்ளையா இந்த நீல நாற்காலியில உக்காந்தேன். உக்காந்ததும்தான் அது ஞாபகம் வந்துச்சு. வாசல் சுவிட்சை இறக்கினேனா? எங்க வீட்டு வாசக்கதவுக்குப் பின்னாடி ஒரு கறுப்பு சுவிட்ச் இருக்கு. அதைக் கீழே இறக்கினா ஹாலுக்கும் உள்ரூமுக்கும் கரண்ட் போயிரும், இன்வெர்ட்டர் லைனும் சேர்ந்து போயிரும், ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடும். ரெண்டு பேரும் சேர்ந்து வெளியே போனா அதை இறக்கிட்டுத்தான் பூட்டணும்ங்கறது நான் போட்ட சட்டம். பெயிண்ட் கடை வச்சிருக்கிறவனுக்கு நெருப்புன்னா ஒரு பயம், சுத்தி தின்னர் டின்னா அடுக்கி வச்சுக்கிட்டு வாழ்ந்தா உங்களுக்கும் வரும். அதனால கதவைப் பூட்டறதுக்கு முன்னாடி கை தானா பின்னால போகும், டக்னு இறக்கும், நான் யோசிக்கவே மாட்டேன். அதுதான் இப்போ வம்பாப் போச்சு. யோசிக்காம செஞ்ச காரியத்தை எப்படி ஞாபகம் வச்சுக்கிறது? இன்னைக்குக் காலையில அந்த டக் சத்தம் கேட்ட மாதிரியும் இருக்கு, ஆனா அது நேத்தைய டக்கா, போன தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனப்போ கேட்ட டக்கா? டேய் சபாபதி, நல்லா யோசி. மங்கை செருப்பு மாட்டிக்கிட்டிருந்தா. எக்ஸ்ரே கவர் என் கக்கத்துல. தண்ணி பாட்டில் ஒரு கையில. இன்னொரு கை? இன்னொரு கை எங்கடா போச்சு?

மத்த நாள்னா இதுக்கு இவ்வளவு பதற வேண்டியதில்ல. உள்ரூம்ல விளக்குக்காரன் நிக்கிறான். பதினெட்டு நாளா எங்க வீட்டுலதான் இருக்கான். ஒரு கையில விளக்கு, தலையில துண்டு, சுண்டுவிரல் உசரம்கூட இல்லாத ஒரு ஆளு, நேத்துலேர்ந்து ஏழாவது மாடி வாசல்ல, அசையாம. டிவியை அணைச்சு வச்சிருந்தாலும் அவன் பெட்டிக்குள்ள நிக்கிறான்னு மங்கை சொல்லுவா. பழைய வீடியோ கேம் பெட்டி அது, கேசட் சொருகுற பெட்டி. இந்தக் காலத்து கேம்ல நடுவுல விட்டுட்டுப் போயி அடுத்த வாரம் விட்ட இடத்துலேர்ந்து ஆடலாமாம். இதுல அந்த வசதி கிடையாது. நிப்பாட்டி வைக்கலாம், ஆனா பெட்டிக்குக் கரண்ட் இருந்துக்கிட்டே இருக்கணும். ஒரு நொடி போச்சுன்னா விளக்குக்காரன் போனான், ஆறு மாடியும் போச்சு, திரும்ப முதல் மாடியில முதல் படி. அதுக்குத்தான் இன்வெர்ட்டர் லைன்ல பெட்டியைச் சொருகினோம், அடாப்டர் சூடாகுதுன்னு சின்ன டேபிள் ஃபேனை அதுக்கு மட்டும் ஓட விட்டோம். ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சா நான் போயி அந்த அடாப்டரைத் தொட்டுப் பாப்பேன், காய்ச்சல்காரப் பிள்ளை நெத்தியைத் தொடற மாதிரி. நேத்து படுக்கும்போது அவ சொன்னா, "என்னங்க, நாளைக்கு வாசல் சுவிட்ச்ல கை வச்சிராதீங்க." நான் என்ன சொன்னேன்? "சரி சரி, எனக்குத் தெரியாதா?" ரொம்பத் தெரிஞ்சவன்.

"ஆட்டக்களம்"னு ஒரு மாசப் பத்திரிகை வருது, முழுக்க வீடியோ கேம் பத்தி. அதுல புது கேமுக்கெல்லாம் சின்னப் பசங்க எழுதுவாங்க, பத்துக்கு ஏழு, பத்துக்கு எட்டுன்னு மார்க் போடுவாங்க, அவனுங்க எழுதுறது எனக்கு ஒரு எழவும் புரியாது. கடைசியில ரெண்டு பக்கம், "பழைய பெட்டி". அது என் சம்சாரம் எழுதுறது. மங்கையர்க்கரசின்னு முழுப் பேரும் போடுவாங்க, பெருசா. அவ மார்க் போட மாட்டா. ஆசிரியர் ஜெரோம் ஒரு தடவை போன்ல கேட்டார், மேடம், நீங்களும் ஒரு மார்க் போட்டா பக்கத்துக்குப் பக்கம் ஒரே மாதிரி இருக்குமேன்னு. "முப்பது வருஷத்துக்கு முன்னாடி பெயிலான பையனைக் கூப்பிட்டு மறுபடியும் பெயிலாக்கச் சொல்றீங்களா சார்?"னு கேட்டா பாருங்க, அந்த மனுஷன் அதோட அந்தப் பேச்சையே விட்டுட்டார். கேம் மோசமா இருந்தா மோசம்னு எழுதுவா, அதுல தயவு தாட்சண்யம் கிடையாது. ஆனா ஏன் மோசமாச்சுன்னும் எழுதுவா. நாலு பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருத்தன் செஞ்சிருக்கான், அவனுக்குக் கடைசி மாடி கட்ட நேரம் பத்தலை, அதனாலதான் இங்க செவுரு மொட்டையா நிக்குதுன்னு எழுதுவா. அதைப் படிச்சா கேமே தெரியாத எனக்கு அந்த ஆளு மேல இரக்கம் வரும். அந்தக் காலம் மாதிரி வருமான்னு ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுதியிருக்க மாட்டா. கேசட்டுக்குள்ள வாயால ஊதினா கேம் ஓடும்னு ஊரே நம்பிச்சே, அது சும்மா, ஊதுறதால எச்சில் பட்டு உள்ள இருக்கிற பித்தளைத் தகடு களிம்பு பிடிச்சதுதான் மிச்சம்னு எழுதினா. அவ்வளவுதான், வாசகருங்க விட்டாங்களா! அரியலூர்லேர்ந்து ஒருத்தர், அம்மா, நீங்க எதை வேணா சொல்லுங்க, ஊதினா ஓடுச்சு, நான் கண்ணால பாத்தேன்னு சண்டைக்கே வந்துட்டார்.

அவளுக்கு ஒரு விரதம் உண்டு. முடிக்காத கேமைப் பத்தி எழுத மாட்டா. கடைசி வரைக்கும் ஆடி, முடிவைக் கண்ணால பாத்துட்டுத்தான் பேனாவைத் தொடுவா. நெட்ல எவனோ ஆடினதைப் பாத்து எழுதலாமே, எல்லாரும் அப்படித்தானே எழுதுறாங்கன்னு நான் ஒரு நாள் கேட்டுட்டேன். "பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போட்டோ பாத்துட்டு மொய் எழுதுவீங்களா?"ன்னா. படம்கூட அப்படித்தான், ரூம் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, பழைய பொட்டி டிவியை அவளே கேமராவால எடுப்பா. டிவியில கோடு ஓடும், நாப்பது படம் எடுத்தா ஒண்ணு தேறும். எதுக்கு இந்தப் பாடுன்னு கேட்டதுக்குத்தான் அவ அந்தச் சாயங்கால வானத்தைப் பத்தி எழுதினா. அந்த மிஷினுக்குத் தெரிஞ்ச கலர் கொஞ்சம்தானாம். அந்தி வானம் வரையணும், ஆனா அந்தக் கலர் மிஷின்ல இல்லை. வரைஞ்சவன் என்ன பண்ணினான்னா, ஆரஞ்சுல ஒரு புள்ளி, கத்தரிப்பூ கலர்ல ஒரு புள்ளி, ஆரஞ்சு, கத்தரிப்பூன்னு மாத்தி மாத்தி வச்சான். பழைய டிவி கொஞ்சம் மங்கல், அதுல ரெண்டு புள்ளியும் கலந்து இல்லாத ஒரு கலர் வந்து நிக்கும். புது டிவியில போட்டா புள்ளி புள்ளியாத் தெரியும், வானம் தெரியாது. நான் இதை முடி வெட்டுற கடையில உக்காந்து படிச்சேன். இருபத்தஞ்சு வருஷமா கலர் கலக்குறவன் நான். ஒரு சொட்டு மஞ்சள் கூடினா செவுரே மாறிப் போகும்னு தெரிஞ்சவன். திரும்ப ஒரு தடவை படிச்சேன். கத்தரிக்காரர் வேற, "என்னண்ணே, கண்ணுல முடி விழுந்திருச்சா?"ங்கிறார். ஆமாய்யா, முடிதான்னேன். அன்னைக்கு வீட்டுக்குப் போய் உள்ரூமுக்கு நானே பெயிண்ட் அடிச்சேன், டிவி வெளிச்சம் எதிரொளிக்காத மாதிரி மேட் சாம்பல், ரெண்டு கோட்டு. அதுக்கு முன்னாடி வரைக்கும் அவளை, நாப்பத்தஞ்சு வயசுல பொம்மை வச்சு விளையாடறான்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். சொன்னதில்ல, ஆனா நினைச்சேன்.

கதவு திறக்குது. இல்ல, வேற யாரோ. கால்ல கட்டுப் போட்ட ஒருத்தரைச் சக்கர நாற்காலியில தள்ளிட்டுப் போறாங்க. மங்கைக்குக் கால் இல்ல, கை. இடது கட்டைவிரல். மடக்கினா மாட்டிக்குது, நிமிராது, இன்னொரு கையால இழுத்தா டக்னு தெறிக்குது. முதல்ல சிரிச்சுக்கிட்டுக் காட்டுவா, இங்க பாருங்க விரல்ல பட்டாசுன்னு. அப்புறம் சிரிப்பு நின்னுச்சு, காலையில சட்டை பட்டன்கூடப் போட முடியலை. ஊசி போட்டாங்க, கொஞ்ச நாள் கேட்டுச்சு, திரும்ப வந்திருச்சு. கேம்ல இடது கட்டைவிரல்தான் ஆளை நடத்துறதாம், மேல கீழ இடது வலது எல்லாம் அதுதான், வலது விரல் குதிக்கிறதுக்கும் விளக்கு ஏத்தறதுக்கும். டாக்டர் சின்ன ஆபரேஷன்தான்னார், விரல் மட்டும் மரத்துப் போக ஊசி போட்டு, அடியில ஒரு சின்னக் கீறல், சிக்குன இடத்தைத் திறந்து விட்டா சரியாப் போயிரும். அதோட விட்டிருக்கலாம்ல அந்த ஆளு? "அந்த இடத்துல நரம்பு தோலை ஒட்டினாப்ல போகுதும்மா, அதுல பட்டா விரல் நுனியில உணர்ச்சி குறையலாம், ரொம்ப அபூர்வம், சொல்ல வேண்டியது எங்க கடமை"ன்னுட்டார். மங்கை கேட்டா, "அபூர்வம்னா எவ்வளவு அபூர்வம் டாக்டர்?" அவர் சிரிச்சார். அவ சிரிக்கலை. ஆட்டோவுல வரும்போது கட்டைவிரலை ஆள்காட்டி விரல் மேல வச்சுத் தேச்சுக்கிட்டே வந்தா. பட்டனோட விளிம்பு விரல்ல தெரியணுமாம், அது தெரியலைன்னா ஆளு எங்க நிக்கிறான்னே கைக்குத் தெரியாதாம். உணர்ச்சி போச்சுன்னா பட்டாணியை எடுக்கிறதுக்கே தடுமாறணும், அவ எங்க போயி ஏழு மாடி ஏறுவா? கடவுளே, அந்தக் கத்தி நேராப் போகணும்.

அதுக்குத்தான் ஆபரேஷனுக்கு முன்னாடியே முடிச்சிரணும்னு ஆரம்பிச்சா. கட்டுப் பிரிச்சப்புறம் நிதானமா ஆடேன்னு சொன்னேன். "இந்த விரலை எனக்குத் தெரியும். அப்புறம் வர்ற விரல் எப்படிப்பட்டதோ?"ன்னா.  அதுவும் இந்த கேம் சும்மா கேம் இல்ல. இதுக்குப் பேரே யாருக்கும் தெரியாது, கேசட் மேல ஒட்டியிருந்த படத்துல ரேஸ் கார், உள்ள சொருகினா விளக்குக்காரன். நம்ம ஊருப் பக்கமெல்லாம் அப்போ மணிக்கு இவ்வளவுன்னு காசு கட்டி ஆடுற கடைதான். எத்தனை மணிக்குக் கட்டினாலும் ஏழாவது மாடி ஏறுறதுக்குள்ள நேரம் முடிஞ்சிரும், கடைக்காரன் அணைச்சிருவான். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு போலீஸ்காரம்மா மங்கைக்கு எழுதியிருந்தாங்க: எங்க தெருவுல எல்லாரும் ஆறாவது மாடி வரைக்கும் பாத்திருக்கோம் மேடம், ஏழாவதுல என்ன இருக்குன்னு எங்க யாருக்கும் தெரியாது, என் தம்பி அங்க ஒரு ராணி இருப்பான்னு சொல்லிக்கிட்டே இருப்பான், நீங்க பாத்துச் சொல்லுங்க. அதைப் படிச்சதும் மங்கை எங்கெங்கயோ தேடி அந்தக் கேசட்டைப் பிடிச்சா. முழுசா ஆட அஞ்சு மணி நேரம்தானாம், ஆனா இவ விரலுக்கு ஒரு நாளைக்குக் கால்மணி நேரம்தான் தாங்கும். கால்மணி ஆடுவா, நிப்பாட்டுவா, வெந்நீர்ல கையை முக்கி உக்காந்திருப்பா. அடுத்த நாள் இன்னொரு கால்மணி. நான் கடைக்குப் போயிட்டு வந்ததும் என் முதல் கேள்வி, "விளக்குக்காரன் எங்க நிக்கிறான்?" நாலாவது மாடி. அஞ்சாவதுல எண்ணெய் தீந்து போச்சு, தப்பிச்சான். இப்படி ஒரு ஆளு வீட்டுல தங்கியிருக்கிற மாதிரியே ஆயிருச்சு. நேத்து சாயங்காலம் ஏழாவது மாடி வாசலுக்கு வந்துட்டா. வாசலுக்கு! விரல் மாட்டிக்கிச்சு. இழுத்தும் நிமிரலை. உதட்டைக் கடிச்சுக்கிட்டு வலது கையால நிப்பாட்டுற பட்டனை அமுக்கினா. அவன் நிக்கட்டும், கட்டுப் பிரிச்சதும் மிச்சத்தை ஆடுறேன்னா. ஜெரோமும் சரி மேடம், பக்கத்தை ஒதுக்கி வைக்கிறேன்னுட்டார். எல்லாரும் அவ்வளவு நல்லவங்களா இருக்காங்க. ஒருத்தன்தான், ஒரே ஒருத்தன், பெயிண்ட் கடைக்காரன், போற போக்குல கையைப் பின்னால விட்டு டக்னு.

விட்டேனா? சரி, வக்கீல் மாதிரி யோசிப்போம். போன வருஷம் அவ தங்கச்சி வந்திருந்தப்போ, தெரியாம, ஓடிக்கிட்டிருந்த பெட்டியோட ப்ளக்கைப் பிடுங்கி போனுக்குச் சார்ஜ் போட்டுட்டா. மங்கை போட்ட சத்தம் இருக்கே, கீழ்வீட்டு நூர்ஜஹான் அக்கா கரண்டியோட மேல ஓடி வந்துட்டாங்க, யாருக்கு என்னாச்சுன்னு. அப்பேர்ப்பட்டவ. இன்னைக்குக் காலையில நான் பூட்டும்போது அவ எங்க நின்னா? வாசல்ல. எனக்கு நேரா. என் தோளுக்குப் பின்னால பாத்துக்கிட்டு. ஆமா, பாத்தா. கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம், "வாங்க, நேரமாச்சு"ன்னா, சாதாரணமாத்தான் சொன்னா. நான் சுவிட்சை இறக்கியிருந்தா அவ கண்ணு முன்னாலதானே இறக்கியிருப்பேன்? பாத்திருந்தா உறையூரே கேக்குற மாதிரி கத்தியிருப்பாளே? கத்தலை. அதனால நான் இறக்கலை. கேஸ் முடிஞ்சுது. நிம்மதியா உக்காரு. உக்காந்தேன். எத்தனை நேரம்? அந்தச் சுவர்ல ஓடுற பல்லி ட்யூப்லைட் வரைக்கும் போற நேரம். அவ செருப்பைக் குனிஞ்சு மாட்டிக்கிட்டிருந்த நேரத்துல நான் இறக்கியிருந்தா? குனிஞ்சிருந்தவ எப்படிப் பாப்பா? ஆனா டக் சத்தம் கேக்குமே. பக்கத்துல பால்காரன் வண்டி ஹாரன் அடிச்சானே. என் கட்டைவிரலைப் பாக்குறேன். இதுக்குத் தெரியும், தெரிஞ்சும் சொல்ல மாட்டேங்குது. உள்ள ஒரு கட்டைவிரல் கத்திக்குக் கீழ கிடக்குது, வெளியே ஒரு தடிக் கட்டைவிரல் சும்மா உக்காந்திருக்கு.

நூர்ஜஹான் அக்காக்கிட்ட மாத்துச் சாவி இருக்கு. போன் போட்டேன். "யாரு, சபாபதியா? மங்கைக்கு எப்படி இருக்கு? நான் துவா கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்"னாங்க, பின்னால ஒரே பாத்திரச் சத்தம். எங்கக்கா இருக்கீங்கன்னேன். மணப்பாறையில, அண்ணன் வீட்டுல, சாயங்காலம்தான் வருவேன், என்ன விஷயம்னாங்க. ஒண்ணுமில்லக்கான்னேன். "ஒண்ணுமில்லைக்கு யாருப்பா போன் போடுவா? சும்மா பயப்படாதே, விரல்தானே"ன்னுட்டு வச்சுட்டாங்க. ஆட்டோ பிடிச்சுப் போயிட்டு வந்திரலாமா? உறையூர் இங்கேர்ந்து எட்டிப் பிடிக்கிற தூரம்தான். போய் என்ன பண்ணுவே? நிக்கிறான்னா நிக்கிறான். போயிருந்தா போனதுதான், திரும்ப சுவிட்சைத் தூக்கினா அவன் திரும்பி வருவானா? அதுக்குள்ள அவ வெளியே வந்து நான் இல்லாத நாற்காலியைப் பாத்தா? இத்தனை வருஷத்துல அவ எந்த ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்துக்கிட்டு வந்தாலும் நான் வெளியே இருந்திருக்கேன். நான் போகலை. இங்கயே உக்காந்து சாகுறேன்.

போன மாச இதழைக் கையோட எடுத்துட்டு வந்தேன், பிரிச்சேன். பக்கத்து நாற்காலி பெரியவர் எட்டிப் பாத்தார். "பசங்க பொஸ்தகமா இருக்கே?" இல்லைங்க, என் சம்சாரம் எழுதினதுன்னு பேரைத் தொட்டுக் காட்டினேன். அவர் பேரைப் பாத்தார், என்னைப் பாத்தார், "உள்ள இருக்கிறது அவங்களா?"ன்னார். ஆமான்னேன். கொஞ்சம் குடுங்கன்னு வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் படிக்க ஆரம்பிச்சுட்டார். ஒரு இடத்துல குபீர்னு சிரிச்சார். எந்த இடம்னு எனக்குப் பாக்காமலே தெரியும். அவ அண்ணன் கதை அது. இப்போ எங்க உள்ரூம்ல இருக்கிற அதே மாதிரிப் பெட்டிதான், அதுல அணைக்கிறதும் போடறதும் ஒரு தள்ளுபொத்தான், மேல தள்ளினா ஓடும், கீழ இழுத்தா நிக்கும். நடுவுல கரண்ட் போனாலும் பொத்தான் மேலயேதான் நிக்கும், அதுவா இறங்காது. பாட்டுக்குப் பெட்டியிலயே ஒரு குட்டி ஸ்பீக்கர் உண்டு, டிவி அணைஞ்சிருந்தாலும் பாடும். இவங்க சின்னப் பிள்ளைங்களா இருந்தப்போ பரீட்சை சமயத்துல கேம் ஆடக்கூடாதுன்னு அப்பா உத்தரவு. அண்ணன் திருட்டுத்தனமா ஆடுவான், அப்பா வர்ற சத்தம் கேட்டா இழுத்து அணைச்சிட்டுப் படிக்கிற மாதிரி உக்காந்துக்குவான். ஒரு நாள் ஆடும்போதே கரண்ட் போயிருச்சு. அவனும் புத்தகத்தை எடுத்துக்கிட்டான். அப்பா வந்து, ஆடினியாடான்னார். சத்தியமா இல்லப்பா. அப்பா பொத்தானைப் பாத்தார், அது மேல நின்னுச்சு. அப்போ பாத்துக் கரண்ட் வந்துச்சு, பெட்டி முதல்லேர்ந்து பாட்டுப் பாட ஆரம்பிச்சுச்சு. அந்தப் பாட்டு இன்னும் அண்ணன் காதுல கேக்குதாம், இப்போ அவனுக்குக் கல்யாண வயசுல ரெண்டு பிள்ளைங்க. பெரியவர் இதழைத் திருப்பிக் குடுத்தார். "எழுதுறாங்க சார். நல்லா எழுதுறாங்க"ன்னார். எனக்கு அழுகை வந்திரும்போல இருந்துச்சு. எழுதுறாளா? அவ எழுதலைன்னா அந்த அந்தி வானத்துப் புள்ளியை யாரு பாத்திருப்பா? எங்கயோ ஒரு ஆளு ராத்திரி பகலா உக்காந்து வச்ச புள்ளி, அவன் பேரு கேம்ல எங்கயும் போடலை, இவ தேடிக் கண்டுபிடிச்சுப் போட்டா. உறையூர்ல உக்காந்துக்கிட்டு! வந்ததும் சொல்லிரணும். எல்லாத்தையும் சொல்லிரணும். மங்கை, நான் அணைச்சிருந்தாலும் அணைச்சிருப்பேன், திட்டிரு, கத்திரு, ஆனா பேசாம மட்டும் இருந்திராதே.

"சபாபதி சார் யாரு? வாங்க." எந்திரிச்சுப் போனேன். உள்ளே கட்டில்ல சாஞ்சு உக்காந்திருந்தா, இடது கையில பெரிய வெள்ளைக் கட்டு, கட்டைவிரல் நுனி மட்டும் வெளியே எட்டிப் பாத்துச்சு. முகம் வெளிறியிருந்தாலும் கண்ணு நல்லா இருந்துச்சு. "மேசையில படுத்துக்கிட்டே மடக்கச் சொன்னாருங்க. மடக்கினேன். மாட்டவே இல்ல. அப்படியே வழுக்கிட்டுப் போச்சு. பட்டாசு போச்சு"ன்னா. உணர்ச்சி எப்படின்னேன். மரப்பு இறங்கினப்புறம்தான் தெரியுமாம்னு அவ சொல்லிக்கிட்டிருக்கும்போதே நர்ஸ் பொண்ணு வந்து பஞ்சால விரல் நுனியைத் தடவி, தெரியுதாம்மான்னு கேட்டா. மங்கை கண்ணை மூடிக்கிட்டா. நானும் மூடிக்கிட்டேன், எதுக்குன்னு தெரியாது. "இல்லையே"ன்னா. என் உசுரு என்கிட்ட இல்ல. "இன்னும் மரப்பு இருக்கும்மா, கொஞ்சம் பொறுங்க"ன்னுட்டுப் போனா அந்தப் பொண்ணு. சாத்துக்குடிச் சாறு வாங்கிட்டு வந்தேன், குடிச்சா, டம்ளரைக் கையிலயே வச்சுக்கிட்டா. அப்புறம் அந்தச் சில்லுன்னு இருந்த டம்ளரைக் கட்டை விரல் நுனியில ஒட்டி வச்சுப் பாத்தா. எடுத்தா. திரும்ப வச்சா. மெதுவாச் சிரிச்சா. "ஜில்லுங்குதுங்க"ன்னா. "லேசா. ஆனா ஜில்லுங்குது." அந்த இடத்துல, அத்தனை பேர் பாக்க, நான் அவ தலையில கை வச்சேன்.

வச்சுக்கிட்டே சொல்லிட்டேன், அடக்க முடியலை. "மங்கை, வாசல் சுவிட்சு. இறக்கினேனா இல்லையான்னு தெரியலை. விளக்குக்காரன் நிக்கிறானா போயிட்டானான்னு." அவ என்னையே பாத்தா. நான் கண்ணைத் தாழ்த்திக்கிட்டேன். "இதை நினைச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க?" ஆமான்னேன். "அட, என்னங்க நீங்க. காலையில குளிக்கப் போறதுக்கு முன்னாடியே நானே பெட்டியை அணைச்சிட்டேன். கட்டுப் பிரிக்க ரெண்டு வாரம் ஆகும், அதுவரைக்கும் அடாப்டர் தாங்குமா? பெட்டி போயிரும். நானே பொத்தானை இழுத்துட்டுத்தான் வந்தேன். சொல்ல மறந்துட்டேன்." அப்போ ஏழாவது மாடி? "திரும்ப முதல்லேர்ந்து ஏறணும். இனிமேதான் நல்ல விரல் வந்திருச்சே"ன்னா. அவ சிரிக்க, நானும் சிரிச்சேன், கொஞ்சம் சத்தமாவே சிரிச்சுட்டேன், பக்கத்துக் கட்டில்காரம்மா திரும்பிப் பாத்தாங்க. அப்பாடா! இதைப் போயி, பைத்தியக்காரன் மாதிரி, காலையிலேர்ந்து! ஆட்டோவுல வரும்போது எனக்குப் பசிச்சுச்சு. காத்து நல்லா வந்துச்சு. உறையூர் முக்குல திரும்பும்போது தெருவே புதுசா வெள்ளையடிச்ச மாதிரி இருந்துச்சு.

மேலே ஏறி, கதவைத் திறந்து, அவளைச் சோபாவுல சாய வச்சு, கைக்கு அண்டக் குடுக்கத் தலகாணி வச்சேன். ஃபேன் போடுங்க, வேர்க்குதுன்னா. ரெகுலேட்டரைத் திருகினேன், ஓடலை. திரும்பிப் பாத்தேன். கதவுக்குப் பின்னாடி கறுப்பு சுவிட்ச் கீழே கிடந்துச்சு. இறக்கித்தான் இருக்கேன். பாருடா, நல்லவேளை இவ முன்னாடியே அணைச்சா, இல்லைன்னா என்ன ஆயிருக்கும்னு எனக்குள்ளயே ஒரு தடவை சிரிச்சுக்கிட்டேன், கை தூக்கப் போச்சு. தூக்கறதுக்கு முன்னாடி, சும்மாதான், விளக்குக்காரன் நின்ன இடத்தை ஒரு தடவை பாத்துட்டு வருவோமேன்னு உள்ரூமுக்குப் போனேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, ஒரே இருட்டு. பெட்டி மேல கையை வச்சேன், ஆறிப் போய் ஜில்லுன்னு இருந்துச்சு. தடவிப் பாத்தேன். தள்ளுபொத்தான் மேலேதான் நின்னுச்சு.

திரும்பத் தடவிப் பாத்தேன். மேலேதான். அவ அணைக்கலை. காலையில வாசல்ல நின்னு என் தோளுக்குப் பின்னால பாத்தாளே, அப்போ என் கையைத்தான் பாத்திருக்கா. டக் சத்தமும் கேட்டிருக்கு. ஆறு மாடி, கால்மணி கால்மணியா, வெந்நீர்ல முக்கி முக்கி ஏறின ஆறு மாடி, அவ கண்ணு முன்னால நான் அணைச்சிருக்கேன். என் முகத்தைப் பாத்திருப்பா. எக்ஸ்ரே கவரைக் கக்கத்துல இறுக்கிக்கிட்டு நின்னதைப் பாத்திருப்பா. கத்தலை. "வாங்க, நேரமாச்சு." அதோட படியிறங்கி, கத்திக்குக் கீழ கையை நீட்டப் போயிட்டா.  போயி அவ கால்ல விழலாம்னு இருந்துச்சு. ஹால்லேர்ந்து அவ குரல் வந்துச்சு, "என்னங்க, ஃபேன் என்னாச்சு?" அப்போதான் உறைச்சுச்சு. இப்போ போயி வாசல் சுவிட்சைத் தூக்கினா இந்தப் பெட்டி முதல்லேர்ந்து பாட ஆரம்பிச்சிரும், ஹால் வரைக்கும் கேக்கும், அவ சொன்னது பொய்னு நான் கண்டுபிடிச்சது அவளுக்குத் தெரிஞ்சு போகும். "வந்துட்டேன் மங்கை"ன்னேன். கட்டைவிரலைப் பொத்தான் மேல வச்சு, சத்தம் வராம மெதுவா, கீழே இழுத்தேன். அப்புறம் போய் வாசல் சுவிட்சைத் தூக்கினேன், ஃபேன் சுத்துச்சு, உள்ரூம்ல அந்த டேபிள் ஃபேன் இரைச்சல்தான், பாட்டுச் சத்தம் இல்ல. "இருட்டுல என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"ன்னா. "ஒண்ணுமில்ல, ஜன்னல் துணியைச் சரி பண்ணேன்"ன்னேன்.